பார்க்காம தட்டுங்க! டைப்பிங் அக்கா பதில்கள்

போன இதழ்ல சும்மா ஒரு வரி எழுதினேன், "கீபோர்டைக் குனிஞ்சு பார்க்காம உங்க பேரை ஒரு தடவை அடிச்சுப் பாருங்க"ன்னு. அவ்ளோதான், கடலூர்லேர்ந்தும் புதுச்சேரிலேர்ந்தும் கேள்வியா வந்து குவிஞ்சிடுச்சு. எல்லாத்துக்கும் பதில் போட இடம் இல்ல, ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துட்டேன். புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை: நான் மஞ்சக்குப்பத்துல கோர்ட்டு பக்கம் இருபது வருஷத்துக்கு மேல ஜாப் டைப்பிங் பண்ணவ, அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் ஒரு இன்ஸ்டிட்யூட்ல சொல்லியும் குடுத்திருக்கேன், அதனால வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, நான் ரெண்டே விரல்ல நிமிஷத்துக்கு 38 வார்த்தை அடிக்கிறேன், நெட்ல டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன். ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்கன்னு பத்து விரல் பழக ஆரம்பிச்சா 9 வார்த்தைக்கு வந்து நிக்குது. வெறுத்துப் போச்சு. பழசுக்கே போயிடவா? (காலேஜ் மாணவர், செம்மண்டலம்)

போகாதீங்க தம்பி. அந்த 38 எப்படி வந்துச்சுன்னு மொதல்ல பாருங்க. நெட் டெஸ்ட்ல சின்னச் சின்ன வார்த்தையா ஸ்கிரீன்லயே காட்டுவான், நீங்க ஒரு பார்வை பார்த்து நாலு வார்த்தையை மனசுல வாங்கிக்கிட்டு குனிஞ்சு அடிச்சுடுறீங்க. இப்ப இந்த இதழையே பக்கத்துல விரிச்சு வெச்சுட்டு பத்து நிமிஷம் பார்த்து அடிங்க. கண்ணு பேப்பருக்குப் போவும், கீபோர்டுக்கு வரும், ஸ்கிரீனுக்குப் போவும், திரும்ப பேப்பருக்குப் போனா எந்த வரில விட்டோம்னு தெரியாது, ஒரு வரியே தாண்டிப் போயிருக்கும். அப்ப வர்ற நம்பர் என்னன்னு எனக்கு எழுதுங்க, 38 இருக்காது.

9க்கு வந்ததுல தப்பே இல்ல. இடது கையால தோசை வார்த்துப் பாருங்க, வலது கையால பத்து வருஷமா வார்க்கிறவங்களுக்குக் கூட மொத தோசை இலங்கை மேப் மாதிரிதான் வரும். அதுக்காக தோசை வார்க்கத் தெரியாதுன்னு ஆயிடுமா. நான் சொல்லிக் குடுத்த பசங்கள்ல பாதி பேர் மூணாவது வாரத்துல அழுதிருக்காங்க, ஆறாவது வாரத்துல சிரிச்சுட்டாங்க.

ஆனா ஒரு விஷயம், காலைல பத்து விரல் ப்ராக்டிஸ் பண்ணிட்டு சாயங்காலம் அதே லேப்டாப்ல ரெண்டு விரல்ல சாட் பண்ணீங்கன்னா காலைல ஊத்தின தண்ணி சாயங்காலம் வடிஞ்சுடும். ஒரு மாசத்துக்கு லேப்டாப்ல எது அடிச்சாலும் பத்து விரல்தான்னு வெச்சுக்கோங்க, ஒரு வரி பதில் போட அஞ்சு நிமிஷம் ஆனாலும் பரவால்ல, எதிர்ல இருக்கிறவங்க காத்திருப்பாங்க. அவசரம்னா ஃபோன்ல பேசிடுங்க.

இன்னொண்ணு, பேக்ஸ்பேஸ். தப்பா ஒரு தட்டு, அதை அழிக்க ஒரு தட்டு, சரியா அடிக்க ஒரு தட்டு, ஆக ஒரு எழுத்துக்கு மூணு தட்டு. நூறு எழுத்துல பத்து தப்புன்னா 120 தட்டு தட்டியிருக்கீங்க, ஆனா கணக்குல நூறுதான், நடுவுல நின்னு யோசிச்ச நேரம் வேற. அதனால வேகமா அடிக்கப் பார்க்காதீங்க, தப்பில்லாம அடிக்கிற வேகம் எதுவோ அதுல அடிங்க. எங்க மாஸ்டர் கடிகாரத்தைத் திருப்பி வெச்சுடுவார், "பக்கத்துக்கு எத்தனை தப்புன்னு மட்டும் எண்ணு, ஸ்பீடை நான் எண்ணிக்கிறேன்"ம்பார்.

கேள்வி: நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தைன்னா பெரிய வார்த்தை வந்தா என்ன கணக்கு? (வாசகி, பண்ருட்டி)

பெரிசோ சின்னதோ, 5 தட்டு ஒரு வார்த்தை, ஸ்பேஸும் ஒரு தட்டுதான். டைப்பிங் பரீட்சைல மொத படியான லோயர் இங்கிலீஷ்னா 30 வார்த்தை, அப்ப நிமிஷத்துக்கு 150 தட்டு, பத்து நிமிஷத்துக்கு 1500. செகண்டுக்கு ரெண்டரை தட்டு, கேட்கவே சாதாரணமா இருக்குல்ல? அதுக்கு மேல் படி ஹையர் 45, அதாவது நிமிஷத்துக்கு 225. மத்திய அரசு எஸ்.எஸ்.சி. கிளார்க் வேலைக்கு இங்கிலீஷ்ல 35 கேக்கறான், மணிக்கு 10,500 தட்டுன்னு நோட்டீஸ்ல போட்டிருப்பான், பார்த்துப் பயந்துடாதீங்க, ரெண்டும் ஒண்ணுதான்.

கேள்வி: பொண்ணு பத்தாவது எழுதி லீவுல இருக்கா. இன்ஸ்டிட்யூட்ல சேர்த்துவிட்டு டைப்ரைட்டர் மெஷின்ல டக்கு டக்குன்னு அடிக்க வெக்கிறது இந்தக் காலத்துல தேவையா, கம்ப்யூட்டர்லயே சாஃப்ட்வேர் போட்டுப் பழகினா போதாதா? அவங்கப்பா கம்ப்யூட்டரே போதும்ங்கறார், நான் இன்ஸ்டிட்யூட்ங்கறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க அக்கா. (இல்லத்தரசி, திருப்பாதிரிப்புலியூர்)

உங்க வீட்டு சண்டைக்குள்ள என்னை இழுக்கிறீங்க, சரி வர்றேன்.

பொண்ணு பின்னாடி அரசு வேலைக்கு எழுதற எண்ணம் இருந்தா இன்ஸ்டிட்யூட்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4ல டைப்பிஸ்ட் போஸ்ட்டுக்கு தமிழ், இங்கிலீஷ் ரெண்டு சர்ட்டிஃபிகேட்டும் வேணும், ரெண்டுல ஒண்ணாவது ஹையரா இருக்கணும். அந்தப் பரீட்சையை தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துது, பிப்ரவரி, ஆகஸ்ட். இப்ப லீவுல சேர்ந்தா ஆகஸ்ட்டுக்கு லோயர் எழுதலாமான்னு மாஸ்டரைக் கேளுங்க, கை பழகினதைப் பார்த்துட்டு அவரே சொல்லுவார். வெறும் கம்ப்யூட்டர் பழக்கத்துக்குன்னா வீட்லயே பழகலாம், அவங்கப்பா சொல்றதும் தப்பில்ல.

ஆனா மெஷினைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம விட மனசு வரல. மெஷின்ல பேக்ஸ்பேஸ் அடிச்சா பேப்பரைத் தாங்கற கேரேஜ் ஒரு எடம் பின்னாடி வரும், எழுத்து அழியாது. அடிச்சது அடிச்சதுதான். அதுவே பெரிய வாத்தியார். அப்புறம் சுண்டு விரல். நமக்கு சுண்டு விரல்ல பலமே கிடையாது, மெஷின்ல அடிச்ச பேப்பரைப் பார்த்தா எல்லா எழுத்தும் பளிச்சுன்னு இருக்கும், ஏ மட்டும் மங்கலா விழுந்திருக்கும், மாஸ்டர் பேப்பரை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாலே கண்டுபுடிச்சுடுவார் எந்த விரல் தூங்குதுன்னு. கம்ப்யூட்டர்ல அது தெரியவே தெரியாது, தொட்டாலும் ஏ, குத்தினாலும் ஏ. வேகமா ரெண்டு கீயை ஒண்ணா அழுத்தினா மெஷின்ல ரெண்டு கம்பியும் மேல போய் கவ்விக்கும், கையால பிரிச்சு விடணும், விரல்ல மை ஒட்டிக்கும், அந்த எரிச்சல்லயே கை ஒரு தாளத்துக்கு வந்துடும்.

மொத பாடம் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. நிறைய பேர் அதை மந்திரம் மாதிரி சொல்லுவாங்க, ஏன் கடைசில திரும்ப எஃப் வருது, ஏன் திரும்ப ஜே வருதுன்னு கேட்டா தெரியாது. ஆள்காட்டி விரலுக்கு ரெண்டு கீ, எஃப்பும் ஜியும். ஜியை அடிக்கப் போன விரல் வீட்டுக்குத் திரும்பி வரணும், அதைத்தான் அந்த கடைசி எஃப் பழக்குது. வலது பக்கம் ஹெச்சுக்குப் போயிட்டு ஜேக்கு வர்றதும் அதுவேதான். டைப்பிங்கே இவ்ளோதான், போயிட்டு வீட்டுக்கு வர்றது. இப்ப எந்த கீபோர்டை எடுத்தாலும் எஃப் மேலயும் ஜே மேலயும் சின்னதா ஒரு மேடு இருக்கும், கண்ணை மூடிக்கிட்டு தடவிப் பாருங்க. அதுதான் வீட்டு வாசப்படி.

கேள்வி: பாரிஸ்ல இருக்கிற பெரியப்பா போன லீவுக்கு வந்தப்ப அவர் லேப்டாப்பை எனக்குக் குடுத்துட்டுப் போயிட்டார். இன்ஸ்டிட்யூட்ல பழகின மாதிரி அடிச்சா ஏ-க்கு க்யூ வருது, எம் எங்கயோ போயிடுச்சு, நம்பர் அடிச்சா என்னென்னவோ வருது. கீபோர்டு ரிப்பேரா? (வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. ரிப்பேர் இல்ல, அது ஃப்ரெஞ்சு கீபோர்டு. புதுச்சேரில வீட்டுக்கு வீடு இப்படி ஒரு லேப்டாப் இருக்கும்போல, இதே கேள்வி அரியாங்குப்பத்துலேர்ந்தும் வந்துது.

நம்ம கீபோர்டுல மேல் வரிசை க்யூ டபிள்யூ ஈ ஆர் டி ஒய்னு ஆரம்பிக்கும், அவங்களுது ஏ இசட் ஈ ஆர் டி ஒய். ஏயும் க்யூவும் எடம் மாறியிருக்கும், இசட்டும் டபிள்யூவும் எடம் மாறியிருக்கும், எம் வந்து எல்லுக்குப் பக்கத்துல, நம்ம செமிகோலன் எடத்துல உக்காந்திருக்கும். நம்பர் வேணும்னா ஷிஃப்ட் புடிச்சு அடிக்கணும், முற்றுப்புள்ளிக்கும் ஷிஃப்ட். ஷிஃப்ட் இல்லாம அடிச்சா 2ல தலைக்கு மேல கோடு போட்ட ஈ வரும், 9ல வால் வெச்ச சி வரும். அவங்க பாஷைக்கு அது சௌகரியம்.

வழி சுலபம். செட்டிங்ஸ்ல மொழிக்குப் போய் இங்கிலீஷ் கீபோர்டு சேர்த்துடுங்க, விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினா மாத்தி மாத்திக்கலாம். அதுக்கப்புறம் கீ மேல க்யூன்னு எழுதியிருக்கும், அடிச்சா ஏ விழும். நீங்க இன்ஸ்டிட்யூட்ல பழகினவர், கீயைப் பார்க்கப் போறதில்ல, அதுல என்ன எழுதியிருந்தா உங்களுக்கென்ன? பார்த்து அடிக்கிறவங்கதான் ஸ்டிக்கர் வாங்க ஓடணும். எஃப், ஜே மேடு ரெண்டு கீபோர்டுலயும் ஒரே எடம், கவலையே வேணாம்.

ஒரே ஒரு எடத்துல தடுக்கும், சொல்லிடறேன். அந்த லேப்டாப்ல இடது பக்க ஷிஃப்ட் குட்டையா இருக்கும், அதுக்கும் கீழ் வரிசை மொத எழுத்துக்கும் நடுவுல ஒரு கீ கூடுதலா சொருகியிருப்பாங்க. சுண்டு விரல் ஷிஃப்ட்டுன்னு நெனச்சு அதைத் தட்டும், கேப்பிட்டல் விழாம வேற ஏதோ குறி விழும். ஒரு வாரம் திட்டுவீங்க, அப்புறம் சுண்டு விரலே இன்னும் கொஞ்சம் நீட்டிக்கும். ஃப்ரெஞ்சும் எழுதறவரா இருந்தா யு.எஸ். இன்டர்நேஷனல்னு ஒரு லேஅவுட் இருக்கு, அதைப் போட்டுக்கோங்க, ஒத்தை மேற்கோள் குறியைத் தட்டிட்டு ஈயைத் தட்டினா கோடு போட்ட ஈ வந்துடும், சி தட்டினா வால் வெச்ச சி. வெறும் மேற்கோள் குறி மட்டும் வேணும்னா அதைத் தட்டிட்டு ஸ்பேஸ் தட்டணும், அது மட்டும் கொஞ்சம் கடுப்பு.

கேள்வி: தமிழ் டைப்பிங்குக்கு எது நல்லது? இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழா மாத்துறதா, பழைய டைப்ரைட்டர் முறையா, தமிழ்99-ஆ? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. (ஆசிரியர், நெல்லிக்குப்பம்)

நான் யளனகபக-ல, அதான் தமிழ் டைப்ரைட்டரோட மொத பாடத்துல, வளர்ந்தவ சார். டைப்ரைட்டர்ல தமிழ் லோயர், ஹையர் முடிச்சு, அதே விரலோட கம்ப்யூட்டருக்கு வந்து வருஷக்கணக்கா அதுலயே அடிச்சேன். அதனால தமிழ்99-ஐப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்றது எனக்கு எங்க அம்மா வீட்டை விட்டுக் குடுக்கிற மாதிரி. இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

டைப்ரைட்டர்ல நாம பேப்பர்ல எழுதற வரிசைல அடிக்கணும். கெ வேணும்னா மொதல்ல கொம்பு, அப்புறம் க. மெஷினுக்கு அதுதான் முடியும், அது எழுத்தை வரையுது, படிக்கல. தமிழ்99ல க அடிச்சுட்டு எ அடிச்சா கெ. நம்ம வாய் சொல்ற வரிசை. 1999ல சென்னைல தமிழ்நெட் மாநாடு நடந்து, அரசாங்கமே அங்கீகாரம் குடுத்த முறை அது. உயிர் எழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் எழுத்துல அதிகம் வர்றதெல்லாம் வலது கைக்கு. தமிழ்ல மெய்யும் உயிரும் மாறி மாறிதான வரும், அதனால கை வலது இடது வலது இடதுன்னு தானா மாறும், உரல்ல ரெண்டு பேர் மாத்தி மாத்தி குத்துற மாதிரி. நடு வரிசைல இடது கைல அ இ உ, அடுத்து எஃப் எடத்துல புள்ளி, ஜி-ல எ. வலது கைல க ப ம த ந ய.

புள்ளி விஷயம்தான் அழகு. ஒரே எழுத்தை ரெண்டு தடவை தட்டினா மொத எழுத்துக்கு அதுவே புள்ளி வெச்சுக்கும். அம்மா அடிக்கணும்னா அ, ம, ம, ஆ, நாலே தட்டு. தங்கம்னா த, ங, க, ம, புள்ளி. ங பக்கத்துல க வந்தா புள்ளி தானா விழுந்துடும், நீங்க வெக்க வேணாம், ந்த, ஞ்ச, ண்ட, ம்ப எல்லாம் அப்படித்தான். புதுச்சேரி 9 தட்டு. இதையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா, ச்-க்கு சி ஹெச், அடுத்த சே-க்கு திரும்ப சி ஹெச்னு போய் 12 தட்டு ஆகுது, நடுவுல ஷிஃப்ட் வேற. ஒரு வார்த்தைக்கு மூணு தட்டு கூடுதல்னா ஒரு பக்கத்துக்கு எவ்ளோன்னு நீங்களே போட்டுக்கோங்க, கணக்கு வாத்தியாரா இருந்தாலும் இருப்பீங்க.

அதனால என் தீர்ப்பு: ஏற்கனவே டைப்ரைட்டர் முறை கைல ஊறினவங்க அப்படியே இருங்க, மாத்தி அவதிப்படாதீங்க. சர்ட்டிஃபிகேட்டுக்குப் படிக்கிறவங்களுக்கு இன்ஸ்டிட்யூட்ல என்ன மெஷின் இருக்கோ அதுதான் பாடம், கேள்வியே இல்ல. இது ரெண்டும் இல்லாத புது ஆள், தமிழ்ல நிறைய எழுதணும்ங்கறவங்க தமிழ்99. இங்கிலீஷ் எழுத்துல அடிக்கிறது அவசரத்துக்கு நல்லது, ஆனா ல, ள, ழ வர்ற எடத்துல எல்லாம் மூளை ஒரு நிமிஷம் இங்கிலீஷுக்குப் போயிட்டு வருது பாருங்க, அது எனக்குப் புடிக்கல. இது என் சொந்தக் குறை, கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: பார்க்காம அடிக்கிறதை மொதல்ல கண்டுபுடிச்சது யாரு? (எட்டாம் வகுப்பு மாணவி, வில்லியனூர்)

கண்ணு, மொதல்ல யாருன்னு சண்டை போடுவாங்க, ஆனா ஊருக்கே தெரிய வெச்சவர் ஃப்ராங்க் மெக்கரின்னு ஒரு அமெரிக்கர். 1888 ஜூலை 25ல சின்சினாட்டி ஊர்ல ஒரு போட்டி. இவர் ரெமிங்டன் மெஷின், கீ எல்லாம் மனப்பாடம். எதிர்ல லூயி ட்ராப்னு ஒருத்தர், அவர் மெஷின்ல சின்ன எழுத்துக்கு ஒரு கீ, கேப்பிட்டலுக்குத் தனியா ஒரு கீ, ஏகப்பட்ட கீ, கண்ணால தேடித்தான் அடிக்கணும். மெக்கரின் ஜெயிச்சார். அவரும் எங்களை மாதிரி கோர்ட்டு வேலைக்காரர்தான், பேசறதை சுருக்கெழுத்துல எடுக்கிறவர். அதுல எனக்கு ஒரு சின்னப் பெருமை.

கேள்வி: வயசு 52, ஆஃபீஸ்ல எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிடுச்சு, கழுத்து வலி உயிர் போவுது. இனிமே பத்து விரல் வருமா மேடம்? (வாசகர், லாஸ்பேட்டை)

வரும். மெதுவா வரும். உங்க கழுத்து வலிக்கு பாதி காரணம் அந்தக் குனிஞ்சு நிமிர்றதாவே இருக்கலாம், நிமிஷத்துக்கு இருபது தடவை குனிஞ்சா யாருக்குத்தான் வலிக்காது. நாற்காலியை ஏத்துங்க, முழங்கை மேசை மட்டத்துக்கு வரணும், மணிக்கட்டை மேசை விளிம்புல அழுத்தி வெக்காதீங்க, பேப்பரை மேசைல படுக்க வெக்காம ஸ்கிரீன் பக்கத்துல நிமித்தி வைங்க. விரல் மரத்துப் போவுது, ராத்திரி கை கடுகடுன்னு இருக்குன்னா என்னைக் கேக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க.

கேள்வி: என் கீபோர்டுல பேக்ஸ்பேஸ் கீ மட்டும் தேஞ்சு எழுத்தே போயிடுச்சு, ஏன்? (வாசகர், நெல்லித்தோப்பு)

காரணம் உங்களுக்கே தெரியும் தம்பி.

கேள்வி: தாத்தா ஜாப் டைப்பிங் பண்ண ரெமிங்டன் மெஷின் பரண்ல கெடக்கு. காயலான் கடைக்குப் போடலாம்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு மனசு வரல. அதை ஓட வெக்க முடியுமா? (வாசகி, கடலூர் முதுநகர்)

போட விடாதீங்கம்மா. ஒண்ணு சொல்றேன். 2011 டிசம்பர் 30 காலைல தானே புயல் அடிச்சுது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும், முதுநகர்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லணுமா. கரண்டு கம்பம் எல்லாம் சாஞ்சு நாள் கணக்குல இருட்டு. பண்ருட்டி பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோட போச்சு, ஜனங்க மனு எழுதி எடுத்துக்கிட்டு வராங்க, ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டர் கடை எல்லாம் ஷட்டர் போட்டுக் கெடக்கு. நான் மூலைல துணி மூடி வெச்சிருந்த பழைய மெஷினை எடுத்து வாசல்ல ஸ்டூல் மேல வெச்சேன். கார்பன் வெச்சு மூணு காப்பி. பொழுது போற வரைக்கும் அடிச்சேன், ஒருத்தர் முந்திரி மரம் எத்தனைன்னு சொல்றப்ப நடுவுல நிறுத்திட்டார், நானும் கையை எடுக்காம அப்படியே வெச்சிருந்தேன், அவர் திரும்ப ஆரம்பிச்சப்புறம் அடிச்சேன்.

சரி, உங்க மெஷினுக்கு வருவோம். முதுநகர் உப்புக் காத்துக்கு துரு புடிச்சிருக்கும். மொதல்ல காஞ்ச பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க. எழுத்துக் கம்பி எல்லாம் அடில ஒரு வளைவான பட்டைல சொருகியிருக்கும் பாருங்க, அந்த எடத்துல ஸ்பிரிட் தொட்ட பிரஷ் போட்டுத் தேய்ங்க, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு, அடுப்புப் பக்கம் வேணாம். அங்க எண்ணெய் மட்டும் விட்டுடாதீங்க, தூசியோட சேர்ந்து பிசுக்காயி கம்பி மேல போனா கீழ வராது. தேங்காண்ணெய் நெனச்சுக்கூடப் பார்க்காதீங்க, நிறைய தாத்தா மெஷினைப் பேரப்பசங்க அப்படித்தான் கெடுத்திருக்காங்க. கேரேஜ் ஓடற தண்டவாளத்துல மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ரிப்பன் காஞ்சு போயிருக்கும், பழைய இன்ஸ்டிட்யூட் ஏதாவது பக்கத்துல இருந்தா கேளுங்க, எங்க வாங்கறாங்கன்னு சொல்லுவாங்க.

அப்புறம் ஒரு பேப்பரைச் சொருகி, ஏ-லேர்ந்து ஆரம்பிச்சு வரிசையா தட்டிக்கிட்டே போங்க. வரி முடியப் போறப்ப டிங்னு மணி அடிக்கணும். அடிக்கலைன்னா எழுதுங்க, அதுக்கும் வழி இருக்கு.